தாத்தா நிறம்: நாளங்கள் இடம் மாறிப் பிறந்த ஒரு குழந்தையின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு தோட்டப் பட்டணம். ஒரு கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, மற்றதெல்லாம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடித்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கிருந்த குடும்பங்கள் ஊரை ஒட்டிய மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டாலும் பேச்சில் இன்னமும் மேல் லயம், கீழ் லயம் என்றுதான் சொல்கிறார்கள். இந்தக் குழந்தையைப் பற்றி எழுதப் பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதால் ஊர், மருத்துவமனைகள் ஆகியவற்றின் பெயர்களை விட்டிருக்கிறேன்.

அந்த ஊரின் சிறிய மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதயத்தை ஒலியலைகளால் படம் பிடிக்கும் எக்கோ கருவி கிடையாது. இதய நிபுணர் கிடையாது. நான் இதுவரை கையால் தொட்டுப் பார்த்த டி.ஜி.ஏ. குழந்தை இவன் ஒருவன்தான். பெருநாளங்கள் இடம் மாறிய இதயத்துக்கு மருத்துவர்கள் இட்டிருக்கும் சுருக்கப் பெயர் அது. தேர்வுக்குப் படித்தபோது படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய நோய்தான். ஆனால் நேரில் வந்தபோது முதல் ஒரு மணி நேரம் எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

வரலாறு

தாய்க்கு 26 வயது, முதல் பிரசவம். கோலாலம்பூரை ஒட்டிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. கணவர் லோரி ஓட்டுநர். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இல்லை, காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தம் சரி. உறவில் திருமணம் இல்லை. கருவை ஸ்கேன் செய்தபோது இதயத்தின் நான்கு அறைகளும் சரியாகத் தெரிவதாகக் குறித்திருந்தார்கள். அந்தக் குறிப்பில் பிழை இல்லை. இந்தக் கோளாறில் நான்கு அறைகளும் அதனதன் இடத்தில்தான் இருக்கும். மாறியிருப்பவை அவற்றிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்கள். அறைகளை எண்ணிவிட்டுக் குழாய்கள் எங்கே போகின்றன என்று பார்க்காமல் விட்டால் ஸ்கேன் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இது பிடிபடாது.

39 வாரம், சுகப்பிரசவம், எடை 3.1 கிலோ. பிறந்ததும் நன்றாக அழுதான். தாயின் வயிற்றில் இருக்கும்வரை ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகத்தான் வருகிறது, நுரையீரலுக்கு வேலையில்லை. ஆகவே இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் நல்ல எடையோடு, பார்க்கக் கொழுகொழுவென்று பிறப்பார்கள். 26-ஆவது மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்த இடத்தில் கைக்கும் காலுக்கும் ஆக்சிஜன் அளவு எடுத்தார்களா என்பதற்கு அவனுடைய குழந்தைநலப் புத்தகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. எடுத்தும் எழுதாமல் விட்டிருக்கலாம். நான் அதற்கு மேல் அதைத் தோண்டவில்லை.

அன்றிரவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேறுகாலம் பார்க்கத் தாய் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் குழந்தை தூங்கியதாம். “எவ்வளவு சமர்த்து என்று நினைத்தோம்,” என்றார் அம்மா.

மூன்றாம் நாள் காலை கிளினிக்கிலிருந்து தாதி வீட்டுக்கு வந்தார். மஞ்சள் காமாலை பார்க்க வரும் வழக்கமான வருகைதான். மலாய்க்காரப் பெண்மணி, இந்த வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாகப் பைக்கிலும் பிறகு காரிலும் சுற்றியவர். பாட்டிமார்கள் அவரை மிஸ்ஸி என்பார்கள். அவருக்குத் தமிழில் ஒரு நாற்பது சொற்கள் தெரியும். அவற்றில் பெரும்பாதி உடலுறுப்புகள்.

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறானா என்று கேட்டிருக்கிறார். குடிக்கிறான், ஆனால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தி மூச்சு வாங்குகிறான், பிறகு தூங்கிவிடுகிறான் என்றிருக்கிறார் அம்மா. பாட்டி குறுக்கிட்டு, சோம்பேறி, இவன் தாத்தாவும் இப்படித்தான் தின்பார் என்றிருக்கிறார். நிறத்தைப் பற்றி மிஸ்ஸி கேட்டபோதும் பாட்டிதான் பதில் சொன்னாராம். “பிறந்தபோது சிவப்பாக இருந்தான். இப்போது நிறம் இறங்குகிறது. இவன் தாத்தா நிறம், மிஸ்ஸி.”

நம் வீடுகளில் இதைக் கேட்காத ஆள் உண்டா? பிறந்த பிள்ளையின் காது மடலைப் பார்த்து நாளைக்கு என்ன நிறம் வரும் என்று சோதிடம் சொல்வோம். மூன்றாம் நாள் குழந்தை கொஞ்சம் மங்கினால் யாரும் பதறுவதில்லை. அது வம்சத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

மிஸ்ஸி குழந்தையைச் சன்னல் ஓரம் கொண்டுபோனார். காமாலைக்கு ஈறை அழுத்திப் பார்ப்பது அவருடைய பழக்கம். கறுத்த தோலில் மஞ்சளும் சரியாகத் தெரியாது என்பதால் அவராகவே கற்றுக்கொண்ட பழக்கம் அது. கீழுதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார். மஞ்சள் இல்லை. குழந்தை அழுதது, நாக்கு தெரிந்தது. நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு.

எனக்கு வந்த தொலைபேசி அழைப்பில் அவர் வேறெதையும் சொல்லவில்லை. “லிடா பிரு, டாக்டர்,” என்றார். நாக்கு நீலம். “இவர்களுடைய காரிலேயே கூட்டி வருகிறேன்.”

பரிசோதனை

குழந்தை வந்து சேர்ந்தபோது பிறந்து 64 மணி நேரம். நெற்றியில் கறுப்பு மைப் பொட்டு, உடம்பில் சாம்பிராணி வாசம். நிமிடத்துக்கு 64 மூச்சு. ஆனால் விலா உள்ளே இழுக்கவில்லை, முனகல் இல்லை. துடிப்பு 168. தொடையில் நாடி நன்றாகக் கிடைத்தது. கல்லீரல் விலாவுக்குக் கீழே ஒன்றரைச் செ.மீ. அழுத்திவிட்ட தோலில் நிறம் திரும்ப மூன்று நொடி. உடல் வெப்பம் 36.4. இரத்தச் சர்க்கரை 2.4, அதாவது குறைவு.

வலது கையில் ஆக்சிஜன் அளவு 68 விழுக்காடு. கருவியைச் சந்தேகப்பட்டேன். காலில் மாட்டினேன்: 70. தாதியின் விரலில் மாட்டினேன்: 99.

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டேன். முணுமுணுப்பு ஒலி எதுவும் இல்லை. அதுதான் என்னை வழிதவற வைத்தது. இதயத்தில் கோளாறு என்றால் ஏதாவது ஒலி கேட்க வேண்டும் என்று நான் நம்பினேன். உண்மையில் குறுகிய துளையின் வழியே இரத்தம் பீய்ச்சி அடிக்கும்போதுதான் அந்த ஒலி பிறக்கிறது. டி.ஜி.ஏ.வில் கீழறைகளுக்கு நடுவே துளை இல்லாவிட்டால் ஒலிக்க எதுவும் இல்லை. இரண்டாம் இதய ஒலி மட்டும் ஒற்றையாக, உரக்கக் கேட்டது. பெருந்தமனி முன்பக்கம் மார்பெலும்பை ஒட்டி வந்துவிடுவதால் அதன் வால்வு மூடும் ஓசை அப்படிக் கேட்கும். அந்த விளக்கம் எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நான் முதலில் எழுதிய நோய்ப் பெயர், தொற்று. சோர்ந்த குழந்தை, சர்க்கரை குறைவு, மூச்சு வேகம், மூன்றாம் நாள். பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் எல்லாச் சாலைகளும் தொற்றில்தான் போய் முடியும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சர்க்கரைத் திரவம் ஏற்றி, இரத்தம் எடுத்து, பெனிசிலினும் ஜெண்டமைசினும் கொடுத்தேன். அது தவறு என்று சொல்ல மாட்டேன். இப்போதும் அதையே செய்வேன். அதோடு நின்றதுதான் தவறு. நெஞ்சுப் படம் வருவதற்காகக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் போயிற்று.

படம் வந்தது. நுரையீரல் சுத்தமாக இருந்தது. பாடநூல்களில் இந்த நோயின் எக்ஸ்ரேயைக் கயிற்றில் தொங்கும் முட்டை என்று வர்ணிப்பார்கள். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் முன்னும் பின்னுமாக நிற்பதால் மேற்பகுதி ஒடுங்கி, இதயம் முட்டை வடிவில் தெரியுமாம். நான் பார்த்தபோது முட்டையும் இல்லை, கயிறும் இல்லை. ஒரு சாதாரண இதயம். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு அதே படத்தை மறுநாள் எடுத்துப் பார்த்தேன். முட்டை கச்சிதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் சுத்தமான நுரையீரல் ஒரு கேள்வியைக் கிளப்பியது. 68 விழுக்காட்டுக்கு இறங்கிய குழந்தைக்கு நுரையீரலில் நோய் என்றால் இந்தப் படம் வெளுத்திருக்க வேண்டும். குழந்தை மூச்சுக்குப் போராட வேண்டும். இவனோ நீலமாக, அமைதியாகப் படுத்திருந்தான். தலையைச் சுற்றிப் பெட்டி வைத்து நூறு விழுக்காடு ஆக்சிஜன் பத்து நிமிடம் கொடுத்தோம். அதற்கு முன்னும் பின்னும் வலது மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்தோம். நுரையீரலில்தான் குறை என்றால் ஆக்சிஜன் அழுத்தம் 150-ஐத் தாண்ட வேண்டும். 100-க்குக் கீழேயே நின்றால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 28-லிருந்து 31. இரத்தம் அமிலமாகிக்கொண்டிருந்தது, பி.எச். 7.21.

உலகத்து ஆக்சிஜனையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் கொட்டினாலும் 31-ஐத் தாண்டியிருக்காது. நுரையீரலுக்கு வந்த ஆக்சிஜன் உடம்புக்குப் போகும் வழியே அங்கே இல்லை.

கோளாறு எப்படி வேலை செய்கிறது

உடம்பைச் சுற்றி வந்த இரத்தம் வலது பக்க இதயத்துக்கு வந்து, நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, இடது பக்க இதயத்துக்குத் திரும்பி, பெருந்தமனி வழியாக மறுபடி உடம்புக்குப் போகிறது. எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோல ஒரே ஓட்டம். டி.ஜி.ஏ.வில் பெருந்தமனி வலது கீழறையிலிருந்தும் நுரையீரல் தமனி இடது கீழறையிலிருந்தும் முளைக்கின்றன. எட்டு அறுந்து இரண்டு சுழிகளாகிவிடுகிறது. ஒரு சுழியில் ஆக்சிஜன் இல்லாத இரத்தம் உடம்பையே சுற்றிச் சுற்றி வருகிறது. மற்றொன்றில் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் நுரையீரலையே சுற்றிச் சுற்றி வருகிறது. நல்ல இரத்தத்துக்குக் குறைவில்லை, அது உடம்புக்குப் போய்ச் சேருவதில்லை.

இரண்டு சுழிகளும் எங்காவது கலந்தால்தான் குழந்தை உயிர்வாழும். கலப்பதற்கு இரண்டு இடங்கள் உண்டு. மேலறைகளுக்கு நடுவே எல்லாக் குழந்தைக்கும் பிறவியிலேயே இருக்கும் சிறு துளை ஒன்று. கருவில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்திருந்த டக்டஸ் என்ற குட்டிக் குழாய் மற்றொன்று. பிறந்த இரண்டு மூன்று நாளில் டக்டஸ் தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும், துளையும் ஒடுங்கும். நலமான குழந்தைக்கு அது வளர்ச்சி. இவனுக்கு அது கழுத்தில் சுருக்கு இறுகுவதுபோல. நெடுஞ்சாலையில் அவன் சமர்த்தாகத் தூங்கியபோது இறுகத் தொடங்கியிருக்க வேண்டும்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “இதயத்தில் ஓட்டையா, டாக்டர்?”

“ஓட்டை போதவில்லை, அதுதான் சிக்கல்,” என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

தாத்தா மட்டும் என் காகிதப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருடம் தோட்டத்தில் குலை வெட்டியவர். இரண்டு கால்வாய், நடுவில் மடை அடைத்துக்கொண்டது, அப்படித்தானே என்றார். அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. பிறகு, மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தும் தெரியவில்லையே என்று அவராகவே வருத்தப்பட்டுவிட்டு ஒன்று சொன்னார். செம்பனையில் நிறத்தை நம்பிக் கத்தி வைக்கக் கூடாதாம். மரத்துக்கு மரம் நிறம் ஏமாற்றும், நிழலில் இருந்தால் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம். மரத்தடியில் எத்தனை பழம் உதிர்ந்து கிடக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் குலையை இறக்க வேண்டும். “பேரப்பிள்ளையை மட்டும் நிறத்தை வைத்துப் பார்த்துவிட்டேன்,” என்றார்.

ஆனால் தேர்ந்த கண்ணுக்கும் இது தப்பும். நாக்கில் நீலம் தெரிய, 100 மில்லி இரத்தத்தில் 3 முதல் 5 கிராம் வரை ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் சேர வேண்டும். அதாவது ஆக்சிஜன் அளவு 80-ஐ ஒட்டி இறங்கும்வரை மருத்துவர்களே தவறவிடுவார்கள். கைகால் மட்டும் நீலமாக இருப்பது முதல் நாட்களில் இயல்பு. அதனால் கைவிரலைப் பார்த்துப் பயப்படுவதும் வீண், பயப்படாமல் இருப்பதும் வீண். நாக்கும் ஈறும் உதட்டின் உட்புறமும்தான் பார்க்க வேண்டிய இடங்கள். நம் நிறத்துக் குழந்தைகளில் இது இரட்டிப்பு உண்மை.

சிகிச்சை

ஈப்போவைக் கூப்பிட்டேன். குழந்தை மருத்துவர் இரண்டு கேள்விகள்தான் கேட்டார்: ஆக்சிஜன் கொடுத்து எவ்வளவு ஏறியது, தொடை நாடி இருக்கிறதா. பிறகு, இதயம் என்றே வைத்துக்கொண்டு டக்டஸைத் திறக்கும் மருந்தைத் தொடங்கச் சொன்னார். எக்கோவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார். எங்கள் குளிர்பெட்டியில் அந்த மருந்து இல்லை. அவருடைய குழுவே ஆம்புலன்ஸில் எடுத்து வந்தது. வரும்வரை நான் செய்தது சொற்பம். கிலோவுக்கு 10 மில்லி உப்பு நீர் ஏற்றினேன், குழந்தையைச் சூடாக வைத்தேன், சர்க்கரையைச் சரிசெய்தேன், ஆக்சிஜன் பெட்டியை எடுத்தேன். டக்டஸைச் சுருங்கச் சொல்லும் சைகையே ஆக்சிஜன்தான். நீலமாக இருக்கும் குழந்தையிடமிருந்து ஆக்சிஜனை எடுக்கும்போது பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மருந்தின் பெயர் புரோஸ்டாகிளாண்டின் இ1. ஒரு குப்பியில் 500 மைக்ரோகிராம். இவனுக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 20 நானோகிராம். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு நான்கு மைக்ரோகிராமுக்கும் குறைவு. ஒரு கடுகின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் கலக்குவதற்கு இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு விடையை ஒப்பிட்டோம். தசமப் புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் பத்து மடங்கு.

இந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு மூச்சை நிறுத்திவிடும். இவனுக்கு முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நின்றது. உள்ளங்காலைச் சுண்டினோம், மூச்சு வந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடி நின்றது. ஓடும் ஆம்புலன்ஸில் குழாய் போடுவதைவிட இங்கேயே போடுவது மேல் என்று ஈப்போ மருத்துவர் முடிவெடுத்துச் சுவாசக் குழாய் போட்டுத்தான் புறப்பட்டார்.

ஈப்போவில் எக்கோ பார்த்தார்கள். பெருந்தமனி வலது கீழறையிலிருந்து. நுரையீரல் தமனி இடது கீழறையிலிருந்து. கீழறைகளுக்கு நடுவே துளை இல்லை. டக்டஸ் மருந்தால் திறந்திருந்தது. மேலறைத் துளை இரண்டு மில்லிமீட்டர். ஆக்சிஜன் அளவு 74-க்கு மேல் ஏறாததற்கு அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் காரணம். டக்டஸ் வழியாக நுரையீரலுக்கு எவ்வளவு போனாலும், திரும்பிய நல்ல இரத்தம் வலது பக்கம் தாண்ட மேலறைத் துளைதான் வழி. அன்றிரவே கோலாலம்பூருக்கு. 200 கிலோமீட்டர். பால் சுரந்து மார்பு கட்டிக்கொண்ட அம்மா பின்னால் காரில். மடியில் பாட்டி கட்டிக்கொடுத்த பத்தியச் சோறு.

அங்கே தீவிரப் பிரிவிலேயே, படுக்கையில் வைத்தே துளையைப் பெரிதாக்கினார்கள். நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயைத் தொடை நாளம் வழியாக ஏற்றி, வலது மேலறையிலிருந்து அந்தச் சிறு துளையில் நுழைத்து இடது மேலறைக்குக் கொண்டுபோய், பலூனை உப்பவைத்து, வெடுக்கென்று ஒரே இழுப்பு. தடுப்புச் சுவர் கிழிகிறது. மென்மையாக இழுத்தால் துளை விரியுமே தவிரக் கிழியாது, பிறகு மறுபடி சுருங்கிவிடும். வில்லியம் ராஷ்கிண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1966-இல் அறிமுகப்படுத்திய முறை இது. மார்பைத் திறக்காமல் இதயத்துக்குள் செய்த முதல் சிகிச்சைகளில் ஒன்று. நான் அங்கே இல்லை, பிறகு கேட்டறிந்தேன். இழுத்த சில நிமிடங்களில் ஆக்சிஜன் அளவு 74-லிருந்து 87. மறுநாள் டக்டஸ் மருந்தைக் குறைத்து நிறுத்தினார்கள். குழந்தை குழாய் இல்லாமல் மூச்சுவிட்டான், அம்மாவின் பாலைக் குடித்தான்.

இந்த நிலையில் ஏன் அறுவை செய்ய வேண்டும், இப்போதுதான் நன்றாக இருக்கிறானே என்று உறவினர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். சிகிச்சையே இல்லாத காலத்தின் கணக்கு ஒன்று உண்டு: இந்தக் குழந்தைகளில் பாதிப் பேர் முதல் மாதத்துக்குள், பத்தில் ஒன்பது பேர் முதல் ஆண்டுக்குள் இறந்தார்கள். பலூன் அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அவகாசத்துக்கும் எல்லை இருக்கிறது. இவனுடைய இடது கீழறை நுரையீரலுக்கு மட்டுமே இரத்தம் தள்ளுகிறது. நாளாக ஆக நுரையீரலின் அழுத்தம் இறங்கும், சுமை குறைந்த தசை மெலியும். மாதக்கணக்கில் காத்திருந்து பிறகு நாளங்களை மாற்றினால், மெலிந்த அறையால் உடம்பு முழுவதற்கும் இரத்தம் தள்ள முடியாது. ஆகவே முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள்.

நாளங்கள் இடம் மாறியிருப்பதை மேத்யூ பெய்லி 1797-இலேயே எழுதி வைத்துவிட்டார். இடத்தை மாற்றி வைக்க அதற்குப் பிறகு 178 ஆண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய அறுவைகள், ஸ்வீடனில் சென்னிங், கனடாவில் மஸ்டர்ட் ஆகியோர் செய்தவை, வெளியே போகும் குழாய்களைத் தொடவில்லை. மேலறைக்குள் திசைமாற்றித் தடுப்பு கட்டி உள்ளே வரும் இரத்தத்தைத் திருப்பிவிட்டன. பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் நுரையீரலுக்கென்று படைக்கப்பட்ட வலது கீழறையே வாழ்நாள் முழுக்க உடம்பைச் சுமந்தது, பலருக்கு நடுவயதில் அது தளர்ந்தது. 1975-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் அடிப் ஜட்டேனே இரண்டு குழாய்களையும் வெட்டி இடம் மாற்றிப் பொருத்தினார். குழாய்களை மாற்றுவதைவிடக் கடினம், இதயத்துக்கே இரத்தம் ஊட்டும் கொரோனரித் தமனிகளைப் பெயர்த்து நடுவது. அவை பெருந்தமனியின் அடியிலிருந்து கிளம்புகின்றன. அதோடு சேர்ந்து அவையும் இடம்பெயர வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய். லேசாக முறுக்கினாலோ இழுபட்டாலோ இதயத் தசை செத்துவிடும். இந்த அறுவையின் வெற்றி தோல்வியெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு தையல்களில்தான் இருக்கிறது.

அறுவை பதினோராவது நாள் என்று முடிவாயிற்று. அப்போதுதான் வீட்டுக்குள் ஒரு தகராறு. பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தார்கள். அதுவரை குழந்தை தாயின் பெயரோடு ஒட்டிய ஒரு சீட்டு, காலில் ஒரு பட்டை. பெயர் இல்லாத பிள்ளையைக் கத்திக்கு அனுப்ப மாட்டேன் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தார். தீவிரப் பிரிவுக்குள் அரிசித் தட்டு கொண்டுபோக முடியாது, ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் போகலாம். பத்தாம் நாள் இரவு அப்பா உள்ளே போய், கையைக் கழுவி, கவுன் மாட்டி, காதில் மூன்று முறை பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். வெளியே வந்து பாட்டிக்குத் தொலைபேசியில், சொல்லிவிட்டேன் அத்தை, நீங்கள் தூங்குங்கள் என்றாராம். பாட்டி தூங்கவில்லை.

அறுவை ஏழு மணி நேரம் நடந்தது. கொரோனரிகள் வழக்கமான அமைப்பில் இருந்தது அதிர்ஷ்டம். வீக்கம் காரணமாக மார்பெலும்பை இரண்டு நாள் மூடாமல் மேலே உறை மட்டும் ஒட்டி வைத்திருந்தார்கள். இது அபூர்வமல்ல, ஆனால் முதல் முறை பார்க்கும் அம்மாவுக்கு அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. துடிப்பு வெளியே தெரிந்ததைப் பார்த்து அவர் மயங்கி விழுந்தார். பதினெட்டாம் நாள் சுவாசக் குழாய் எடுத்தார்கள். இருபத்தேழாம் நாள் வீடு.

சில குறிப்புகள்

பிறவி இதயக் கோளாறு மொத்தமாகப் பார்த்தால் அரிதே அல்ல. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இருக்கும், பெரும்பாலும் லேசானவை. டி.ஜி.ஏ. பத்தாயிரத்தில் இரண்டு மூன்று. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். நல்ல மையங்களில் அறுவைக்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். மலேசியாவில் இத்தகைய சிகிச்சைக்கு நாம் அறிந்த பெரிய பெயர் 1992-இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகம், ஐ.ஜே.என். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மேல் லயத்து வீட்டின் கூடத்திலிருந்து அங்கே போய்ச் சேருவதுதான் பாடு.

பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு எடுப்பது ஐந்து நிமிட வேலை. இரண்டும் 95-ஐத் தொட்டு, வேறுபாடு 3-க்குள் இருந்தால் விடலாம். எதுவானாலும் 90-க்குக் கீழே என்றால் உடனே பார்க்க வேண்டும். இடைப்பட்டால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. அமெரிக்கா 2011-இல் இதை எல்லாக் குழந்தைக்கும் பரிந்துரைத்தது. இது எல்லாவற்றையும் பிடிக்காது. பெருந்தமனி ஒடுங்கிய குழந்தைகள் சிலர் தப்பிவிடுவார்கள். கறுத்த தோலில் கருவி சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் உண்மை. ஆக, கருவியும் முழுக்க நிறம் பாராததில்லை. ஆனால் 68-ஐ அது 95 என்று காட்டாது. இவனுக்கு 26-ஆவது மணி நேரத்தில் என்ன காட்டியிருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அம்மா என்னிடம் தனியாகக் கேட்டது வேறு. கிரகணத்தன்று இரவு வேலை முடிந்து வெளியே வந்ததாகவும், மாமியார் வீட்டில் அதைச் சொல்லிக் காட்டுவதாகவும் சொன்னார். இதயம் உருவாகும் வேலை எட்டாம் வாரத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது, பலர் கர்ப்பம் என்று உறுதி செய்துகொள்ளும் காலம் அது என்றேன். ஒற்றைக் குழாய் சுருளாகத் திரும்பி இரண்டாகப் பிரிய வேண்டும். இவனுக்குச் சுருள் திரும்பவில்லை. ஏன் என்பதற்குப் பெரும்பாலான குழந்தைகளில் காரணம் கிடைப்பதில்லை. அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டு. அடுத்த முறை இருபதாவது வாரத்தில் குழாய்கள் கிளம்பும் இடத்தையும் பார்க்கும்படி ஸ்கேனுக்குச் சீட்டு எழுதித் தருகிறேன் என்றேன். கிரகணத்தைப் பற்றி மாமியாரிடம் நானே பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சிரித்தார்.

பின்தொடர்தல்

பதினான்காம் மாதத்தில் என்னிடம் தடுப்பூசிக்கு வந்தான். எடை 9.6 கிலோ. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், பிடிக்காமல் நான்கு எட்டு. கோலாலம்பூரில் எடுத்த எக்கோவில் இடது நுரையீரல் தமனிக் கிளையில் லேசான ஒடுக்கம். இந்த அறுவைக்குப் பிறகு அடிக்கடி வருவதுதான், இப்போதைக்குக் கவனித்தால் போதும். பெருந்தமனியின் அடிப்பகுதி விரிகிறதா, கொரோனரிகள் திறந்திருக்கின்றனவா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். பேச்சும் கற்றலும் தாமதமாகிறதா என்பதைப் பள்ளி செல்லும்வரை நான் தனியாகக் குறித்து வருகிறேன்.

கருவியைக் கால் கட்டைவிரலில் மாட்டினேன். 98. வாயைத் திறக்கச் சொன்னேன், திறக்கவில்லை. பாட்டி மடியில் வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டியதும் சிரித்தான். நாக்கு நல்ல சிவப்பு. தோல் மட்டும் அன்று பாட்டி சொன்னபடியே, தாத்தா நிறம்தான்.